கருங்குழி மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம்

கருங்குழி மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், கருங்குழிப் பேரூராட்சியில் அமைந்துள்ள கழிவுச் சுத்திகரிப்பு நிலையமாகும். செப்டிக் தொட்டிகளில் தேங்கும் மலக்கசடைச் சுத்திகரிப்பதற்கெனத் தமிழ்நாட்டில் முதன்முதலாக அமைக்கப்பட்ட நிலையம் இதுவே. 2017 இல் செயல்படத் தொடங்கிய இதன் கொள்ளளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர் ஆகும். அருகிலுள்ள மதுராந்தகம் நகராட்சிக்கும் இது பயன்படுகிறது. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி, கடலூர் மாவட்டத்தில் வடலூருக்கு அருகிலுள்ள வேறோர் ஊராகும்.)

பின்னணி

பாதாளச் சாக்கடைக்கு நெடுந்தொலைவுக் குழாய்களும், நீரேற்று நிலையங்களும், தொடர்ந்த பராமரிப்பும் தேவை. சிறு பேரூராட்சிகளுக்கு இச்செலவு பெரும்பாலும் இயலாதது. ஆகவே அங்குள்ள வீடுகள் செப்டிக் தொட்டியையோ உறிஞ்சுகுழியையோ சார்ந்துள்ளன.

செப்டிக் தொட்டி கழிவை முழுமையாகச் சுத்திகரிப்பதில்லை. அடியில் படியும் திண்மங்களில் ஒரு பகுதியே சிதைகிறது. எஞ்சிய கசடை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். அகற்றிய கசடைக் கொட்ட இடம் இல்லாத ஊர்களில், லாரிகள் அதனை ஏரி, ஓடை, தரிசு நிலம் ஆகியவற்றில் கொட்டுவதுண்டு. மலக்கசடு சாக்கடை நீரைக் காட்டிலும் பன்மடங்கு செறிவானது.

செயல்முறை

கருங்குழி நிலையம் கசடை உலர்த்தும் படுக்கைகளை அடிப்படையாகக் கொண்டது. இவ்வகை நிலையங்களின் செயல்முறை பொதுவாகப் பின்வருமாறு அமையும்:

1. லாரி கொணரும் கசடு கம்பிச் சல்லடை வழியே செலுத்தப்படும். துணி, நெகிழி முதலியன இங்கு நீக்கப்படும்.
2. பின்னர் அது மணலும் சரளையும் நிரப்பிய படுக்கைகளில் பரப்பப்படும். நீர் கீழே வடியும். திண்மம் மேலே தங்கி வெயிலில் உலரும்.
3. வடிந்த நீர், கல்வாழை போன்ற செடிகள் வளரும் சரளைப் படுக்கை வழியே செல்லும். வேர்களிலும் கற்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள கரிமப் பொருட்களைச் சிதைக்கும்.
4. உலர்ந்த கசடில் குடற்புழு முட்டைகள் உயிருடன் இருக்கக்கூடும். எனவே அதனைப் பல மாதங்கள் சேமித்தோ, காய்கறிக் கழிவுடன் சேர்த்து மக்கவைத்தோ பின்னரே உரமாகப் பயன்படுத்த வேண்டும்.

சட்டமும் கொள்கையும்

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிச் செப்டிக் தொட்டியில் ஆட்களை இறக்குவதையும் தடை செய்கிறது. இப்பணியில் உயிரிழப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2014 இல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. செப்டிக் தொட்டிக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு 2014 இல் வெளியிட்டது. தேசியக் கொள்கை 2017 இல் வெளியானது.

வரையறைகள்

- சமையலறை, குளியலறை நீர் செப்டிக் தொட்டிக்குச் செல்லாத வீடுகளில், அது தெருக் கால்வாயிலேயே கலக்கிறது. மலக்கசடு நிலையம் இதற்குத் தீர்வாகாது.
- லாரிகள் கசடைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டுமே நிலையம் பயன் தரும். தொலைவு கூடுந்தோறும் டீசல் செலவு கூடுவதால், வழியிலேயே கொட்டிவிடும் நாட்டமும் கூடும்.
- வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கூரையில்லாப் படுக்கைகளில் கசடு உலரக் கூடுதல் நாட்கள் ஆகும்.

ஒப்பிடத்தக்க நிலையங்கள்

கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015 இல் அமைந்த நிலையம், ஒரு சிறுநகர் முழுமைக்கும் என இந்தியாவில் முதலில் அமைக்கப்பட்டதாகும். கோயம்புத்தூர் அருகே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய ஊர்களும் இத்தகைய திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன.