செம்பவாங்கைத் தேட இரண்டு பட நூலகங்கள்

சிங்கப்பூரில் பிரிட்டிஷார் கட்டிய செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வேடு எழுதப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படங்களுக்கு எங்கே போவார்? சிங்கப்பூரில் படிப்பவர் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பைத்தான் முதலில் திறப்பார். அதன் பக்கத்திலேயே அவர் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு மின்னுருவாக்கிய பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களின் தொகுப்பு அது. செம்பவாங் என்று தட்டினால் அதில் ஏதாவது வந்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

காப்பகத்தின் பலம் தேதி. தளம் கட்டும் முடிவு 1923இல் எடுக்கப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரிட்ட உலர்துறையை ஆளுநர் ஷென்டன் தாமஸ் 1938 பிப்ரவரி 14 அன்று திறந்து வைத்தார். பிரிட்டிஷார் வெளியேற முடிவு செய்தபின், 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. இந்த மாதிரி நிகழ்வுகளைப் பின்தொடரக் காப்பகத்தைவிட நல்ல இடம் இல்லை. அங்குள்ள படங்களில் பெரும்பங்கு பழைய தகவல், கலை அமைச்சின் படப்பிடிப்பாளர்கள் எடுத்தவை. நாள், இடம், நிகழ்ச்சி, தலைமை விருந்தினர் எல்லாம் குறிப்பில் ஒழுங்காக இருக்கும். ஆய்வேட்டில் அச்சமின்றி மேற்கோள் காட்டலாம்.

அந்த ஒழுங்கே அதன் குறையும். அரசு படப்பிடிப்பாளர் நிகழ்ச்சிக்குப் போகிறார், நிகழ்ச்சியைப் படம் பிடிக்கிறார். திறந்து வைத்தவரின் பெயர் குறிப்பில் ஏறிவிடும். பின்வரிசையில் கைகட்டி நிற்கும் பட்டறைத் தொழிலாளி ‘ஊழியர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடுவார். அவர் தஞ்சாவூர்க்காரரா, பாலக்காட்டுக்காரரா, எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்று படத்தை வைத்து அறிய வழியில்லை. நேவல் பேஸ் வட்டாரத்தில் மலையாளிகளும் தமிழரும் கலந்தே வாழ்ந்தார்கள். ‘இந்தியர்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு தமிழரைப் பற்றி எழுதுகிறவர் பாதி ஊகத்தில்தான் எழுதுகிறார். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடலும் ஆங்கிலத்தில்தான். செம்பவாங் என்று மட்டும் தேடி நிறுத்திவிடாமல் நேவல் பேஸ், சிலேத்தார் என்றும் தேடிப் பார்ப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்படங்கள் உள்ளன. அவற்றில் அமைச்சரும் இல்லை, மாலையும் இல்லை. சாலை, வரிசை வீடுகள், ரப்பர்க் காடு, பட்டறைக் கூரை எல்லாம் ஒரே தகுதியோடு விழுந்திருக்கின்றன. இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் கான்பெரா சாலைப் பக்கம் இருந்தது. அந்தப் பழைய இடத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் எப்படி அமைந்திருந்தன என்று பார்க்க, நூறு விழாப் படங்களைவிட ஒரு வான்படம் உதவும். புவியியல் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் வேறு என்ன வேண்டும்?

புதுச்சேரித் தொகுப்பில் எல்லாம் தலைகீழ். இங்கே படம் எடுக்கச் சொன்னவர் படத்தில் இருப்பவரே. காசு கொடுத்து, நல்ல உடை உடுத்தி, திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்தவர். கைக்கடிகாரம் தெரிய மணிக்கட்டைத் திருப்பி வைப்பதும், பக்கத்து முக்காலியில் புத்தகமோ வானொலியோ வைப்பதும் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதற்குச் சான்று. அரசுப் படத்தில் இது கிடைக்கவே கிடைக்காது. ஆனால் பெயர், ஊர், ஆண்டு என்று குறிப்பில் நிரப்ப வேண்டிய இடங்கள் பலவும் காலி. ஸ்டூடியோ முத்திரையும் அட்டையின் வகையும் உடையின் பாணியும் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

ஸ்டூடியோக்காரர்களின் ஒரு வித்தை நமக்கு முக்கியம். தனித்தனியே எடுத்த இருவரை ஒட்டி ஒரே படமாக்கித் தருவார்கள். இறந்துபோன கணவரை மனைவிக்குப் பக்கத்தில் அமர்த்திய படங்கள் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் இன்றும் தொங்குகின்றன. கடல் கடந்து போனவரின் குடும்பப் படத்தைக் கையில் எடுக்கும் மாணவருக்கு இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். நிழல் விழும் திசை இருவருக்கும் ஒன்றா, கழுத்தோரம் தூரிகைத் தடம் இருக்கிறதா என்று பார்க்கப் பழகாதவர், ஒட்டுப்படத்தை வைத்துக் கணவர் ஊருக்கு வந்து போனார் என்று எழுதிவிடுவார். புதுச்சேரித் தொகுப்பை ஆராய்ச்சிக்கு இலவசமாகவே பார்க்கலாம், பெரிதாக்கியும் பார்க்கலாம். அழிவுநிலைத் திட்டத்தின் விதிப்படி மூலப்படங்கள் நாட்டைவிட்டுப் போவதில்லை, மின்படி மட்டுமே போகிறது. ஆனால் மின்படியும் சாசுவதமல்ல. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன.

உரிமை விஷயத்தில் சிங்கப்பூர்க் காப்பகம் கறார். பார்ப்பது எளிது, அச்சிட அனுமதி கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கல்விப் பயன்பாட்டுக்கும் கணினிவழித் தரவாய்வுக்கும் விலக்கு அளித்திருப்பதால் வகுப்பறைக்குள் சிக்கல் குறைவு. நூலாக வெளியிடும்போதுதான் கடிதப் போக்குவரத்து தொடங்கும்.

அமெரிக்காவில் 2004இல் வந்த ஆர்ட்ஸ்டோர் என்ற பட நூலகம், கலை வரலாற்றுப் பேராசிரியர்களின் ஸ்லைடு பெட்டிகளுக்கு மாற்றாக வளர்ந்து, 2024இல் ஜேஸ்டோர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்துக்குள் முழுதாகக் கரைந்தது. கட்டுரையும் படமும் ஒரே தேடலில் கிடைக்கும் வசதி அங்கே வந்துவிட்டது. நம்மிடம் அது இல்லை. தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் பழைய தமிழ் முரசு இருக்கிறது, படம் காப்பகத்தில் இருக்கிறது, குடும்பமுகம் புதுச்சேரியில் இருக்கிறது. மூன்றையும் சேர்ப்பது ஆய்வாளரின் வேலை.

காப்பகம் 2015இல் தொடங்கிய குடிமக்கள் ஆவணக்காப்பாளர் திட்டத்தில், படங்களுக்கு விவரம் எழுதப் பொதுமக்களே உதவலாம். தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் இதை ஒரு பருவப் பயிற்சியாகவே வைக்கலாம். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது யார்?’ என்று கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால், ஆய்வேட்டுக்குச் சிங்கப்பூர்க் காப்பகத்தையே எடுப்பேன். தேதியில்லாத சான்றின் மேல் வாதம் நிற்காது. முதலாமாண்டு வகுப்புக்குப் புதுச்சேரித் தொகுப்பைத்தான் எடுப்பேன். குறிப்பு இல்லாத படம்தான் மாணவரைப் படத்தையே பார்க்க வைக்கிறது.