அமரன் ஜோடி முதல் ஜாக்லின் விக்டர் வரை: டிவி போட்டி ஒருவரை நட்சத்திரமாக்குமா?

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ பார்த்திருப்பீங்க. படத்தின் நாயகன் சிவகார்த்திகேயன், நாயகி சாய் பல்லவி. இந்த இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. சினிமாவுக்கு வருவதற்கு முன்பு இருவருமே விஜய் டிவியில் போட்டியாளர்கள். ஒருவர் நகைச்சுவைப் போட்டியில், இன்னொருவர் நடனப் போட்டியில்.

இப்படிப்பட்டவர்கள் நம்ம மலேசியாவிலும் இருக்கிறார்கள், உலகம் முழுக்கவும் இருக்கிறார்கள். அப்போ, டிவி போட்டியில் ஜெயித்தால் நட்சத்திரம் ஆகிவிடலாமா? ஆடிஷனுக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களும், போய்த் தோற்று வீட்டுக்கு வந்தவர்களும் கேட்கிற கேள்வி இது. சுருக்கமாகச் சொன்னால், பட்டத்தைவிட மேடையில் கிடைக்கும் பழக்கமும், அதைப் பார்க்கிற ஆட்களும்தான் முக்கியம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளையாட்டு நிகழ்ச்சியும் திறன் போட்டியும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ நிகழ்ச்சியில் போட்டியாளர். பொருளின் விலையைச் சரியாகக் கணிக்க வேண்டும், அதுதான் ஆட்டம். குதித்துக் கூத்தாடி இறுதிச் சுற்றுவரை போனார். ஆனால் அசல் விலையைவிட 132 டாலர் அதிகமாகச் சொன்னதால் பரிசுகள் கைவிட்டுப் போயின. ‘பிரேக்கிங் பேட்’ தொடங்கியது 2008இல்தான். இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவர் பிரபலமான பிறகு பழைய வீடியோவை யாரோ தேடி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

விலை கணிப்பது, பெட்டி திறப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் பெரும்பாலும் ஒரு நாள் விளையாட்டு. பாட்டு, நடனம், நகைச்சுவை, குறும்படம் போன்ற போட்டிகள் வாரக்கணக்கில் நடக்கும். அதே ஆள் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். நம் பக்கத்தில் நட்சத்திரமானவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்கள்தான்.

மலேசியாவில் இந்தக் கதை எங்கே தொடங்குகிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் பக்கம் போகும் கேடிஎம் கொமுட்டரில் ஏறினால், இரண்டாவது நிலையம் அங்காசாபுரி. அங்கேதான் ஆர்டிஎம் தலைமையகம் இருக்கிறது. ‘ரியாலிட்டி ஷோ’ என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் ஆர்டிஎம் பாட்டுப் போட்டிகளை நடத்தி வந்தது.

1976இல் ‘பிந்தாங் ஆர்டிஎம்’ பட்டத்தை வென்றவர் சுடிர்மான் ஹாஜி அர்ஷாட். மலாயா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1986இல், கோலாலம்பூர் சௌக்கிட் சாலையில் அவர் நடத்திய திறந்தவெளி இசை நிகழ்ச்சியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

1995இல் ‘பிந்தாங் எச்எம்ஐ’ போட்டியில் வென்றவர் பகாங், கோலா லிப்பிஸைச் சேர்ந்த 16 வயதுப் பெண். பெயர் சித்தி நூர்ஹாலிஸா. அந்தப் போட்டியின் வழியாக இசையமைப்பாளர் அட்னான் அபு ஹாசனின் கவனத்துக்கு அவர் வந்தார். 1996இல் முதல் ஆல்பம். அதிலிருந்த ‘ஜெராட் பெர்ச்சிந்தாஆன்’ பாடல் அதே ஆண்டுக்கான அனுகெரா ஜுவாரா லாகு பட்டத்தை வென்றது. போட்டி ஒரு கோப்பையைக் கொடுத்தது. ஆனால் பாட்டைக் கொடுத்தவர் அந்தப் போட்டியால் அறிமுகமான ஒரு மனிதர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்லின் விக்டர் ஏன் முக்கியம்?

பிரிட்டனில் 2001இல் ‘பாப் ஐடல்’ தொடங்கியது. அந்த வடிவத்தைப் பல நாடுகள் வாங்கின. 2002இல் ‘அமெரிக்கன் ஐடல்’ வந்தது. 2004இல் டிவி3, 8டிவி வழியாக ‘மலேசியன் ஐடல்’ வந்தது. நடுவர்களாக பவுல் மோஸ், ரோஸ்லான் அசிஸ், ஃபௌசியா லத்தீஃப் இருந்தார்கள். மக்கள் எஸ்எம்எஸ் அனுப்பி ஓட்டுப் போட்டார்கள்.

முதல் பட்டத்தை வென்றவர் கோலாலம்பூரைச் சேர்ந்த மலேசிய இந்தியப் பெண், ஜாக்லின் விக்டர். நாடு முழுவதும் பல இனத்தவரும் ஓட்டுப் போட்ட ஒரு போட்டியில் நம்மவர் ஒருவர் முதலிடம் பிடித்தது அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை. அப்போது அவருக்கு வயது 25. அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் பாடிச் சம்பாதித்தவர். யார் கேட்கிறார்கள், யார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இரவுதோறும் பாடிய அனுபவம் அது. கேமராவுக்கு முன் அவர் தடுமாறாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெற்றிக்குப் பிறகு வந்த ‘கெமிலாங்’ பாடல் பின்னர் அனுகெரா ஜுவாரா லாகு பட்டத்தையும் வென்றது. 2007இல் ஜகார்த்தாவில் நடந்த ‘ஏசியன் ஐடல்’ போட்டியில் அவர் மலேசியாவின் பிரதிநிதி. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ‘மலேசியன் ஐடல்’ இரண்டே பருவங்களோடு, 2005இல் நின்றுவிட்டது. நிகழ்ச்சி போய்விட்டது, பாடகி இருக்கிறார்.

சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் எப்படி வந்தார்கள்?

சிவகார்த்திகேயன் திருச்சியில் பொறியியல் படித்தவர். ‘கலக்கப் போவது யாரு’ போட்டியில் மிமிக்ரியும் ஜோக்குமாக நின்று பட்டம் வாங்கினார். அதோடு சினிமா வாய்ப்பு கதவைத் தட்டவில்லை. அதே தொலைக்காட்சியில் தொகுப்பாளர் ஆனார். ‘அது இது எது’ என்ற விளையாட்டு நிகழ்ச்சியை வாரா வாரம் நடத்தினார். பாண்டிராஜ் இயக்கத்தில் ‘மெரினா’ வெளிவந்தது 2012இல். இடையில் இருந்த அந்த ஆண்டுகளை மறந்துவிடக் கூடாது. ஒரு ஜோக் எங்கே எடுபடும், எங்கே விழும் என்பதை ஆடியன்ஸ் முன்னாடியே நின்று கற்றுக்கொண்ட காலம் அது.

சாய் பல்லவியின் பாதை வேறு மாதிரி. 2008இல் ‘உங்களில் யார் அடுத்த பிரபுதேவா’, அடுத்த ஆண்டு தெலுங்கில் ‘டீ’ என்று இரண்டு நடனப் போட்டிகள். பிறகு ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகருக்குப் போய் மருத்துவம் படித்தார். படிக்கும்போதுதான் இயக்குநர் அல்ஃபோன்ஸ் புத்திரன் ‘பிரேமம்’ படத்துக்கு அழைத்தார். 2015இல் மலர் டீச்சராக வந்தார். 2018இல் ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ பாடலுக்கு ஆடினார். அதற்கு நடனம் அமைத்தவர் யார் தெரியுமா? பிரபுதேவா. அடுத்த பிரபுதேவா யார் என்று தேடிய மேடையில் ஆடிய பெண், பத்து ஆண்டுகள் கழித்து அதே பிரபுதேவா சொல்லிக் கொடுத்த அசைவுகளை ஆடினார்.

கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் போட்டி உண்டு. கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குனர்’ குறும்படப் போட்டியில் படம் எடுத்துக் காட்டியவர்கள்தான் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன். 2012இல் ‘பீட்சா’, ‘காதலில் சொதப்புவது எப்படி’, 2013இல் ‘சூது கவ்வும்’ என்று வரிசையாக வந்தார்கள். குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்த விஜய் சேதுபதிதான் ‘பீட்சா’வுக்கும் ‘சூது கவ்வும்’ படத்துக்கும் நாயகன். போட்டி அங்கே ஒரு கூட்டத்தையே உருவாக்கியது.

பக்கத்தில் சிங்கப்பூரிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘வசந்தம் ஸ்டார்’ 2005 பட்டத்தை வென்றவர் ஷபீர். பாடகராகத் தொடங்கி இசையமைப்பாளர் ஆனார். ‘சகா’ படத்தில் அவர் இசையமைத்த ‘யாயும்’ பாடல் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை இன்றைய இளைஞர்களின் ஃபோன்களுக்குள் கொண்டு வந்தது.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்?

இதுதான் பலருக்குத் தேவையான பகுதி.

அரிஜித் சிங் 2005இல் ‘ஃபேம் குருகுல்’ போட்டியில் இருந்து வெளியேற்றப்பட்டவர். பிறகு ஸ்டூடியோக்களில் மற்றவர்களுக்கு உதவியாக வேலை பார்த்தார். ‘தும் ஹி ஹோ’ அவரை ஊர் அறியச் செய்தது 2013இல். நடுவில் எட்டு ஆண்டுகள்.

ஜெனிஃபர் ஹட்சன் 2004 ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் ஏழாவது இடம். 2007இல் ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ படத்துக்காகக் கையில் ஆஸ்கார். பியோன்சே 1993இல் தன் சிறுமியர் குழுவோடு ‘ஸ்டார் சர்ச்’ மேடையில் பாடித் தோற்றவர். இருபது ஆண்டுகள் கழித்து, தோற்ற அந்த வீடியோவையே தன் பாடல் ஒன்றில் சேர்த்துக்கொண்டார்.

தமிழில் சிவாங்கியைப் பாருங்கள். ‘சூப்பர் சிங்கர்’ ஏழாவது பருவத்தில் பாடினார், பட்டம் கிடைக்கவில்லை. அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது ‘குக் வித் கோமாளி’. சமையல் போட்டியில் கோமாளி வேஷம்! 2022இல் ‘டான்’ படத்தில் சிவகார்த்திகேயனோடு நடித்தார். பாட்டுக்காக வந்த இடத்தில் அவருடைய சிரிப்பும் வெகுளித்தனமும் கண்டுபிடிக்கப்பட்டன.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் பட்டம் வாங்குகிறார். மூன்று வருடம் முன்பு ஜெயித்தவர் பெயர் என்ன என்று உடனே சொல்ல முடிகிறதா? பெரும்பாலும் முடியாது. நாம் நினைவில் வைத்திருப்பது நட்சத்திரம் ஆனவர்களை மட்டும்தான். வராமல் போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

அப்போ போட்டி என்னதான் கொடுக்கிறது?

மேலே சொன்ன எல்லாக் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

ஒன்று, பழக்கம். கேமரா, விளக்கு, நேரக் கட்டுப்பாடு, எதிரே முகம் சுளிக்கும் நடுவர். இவற்றை வாரா வாரம் சந்திக்கிறவருக்குப் பயம் போகும்.

இரண்டு, தொழில் தெரிந்தவர்களின் பார்வை. ஓட்டுப் போடுபவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் வேலை கொடுக்கப் போவது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓர் இசையமைப்பாளர், ஓர் இயக்குநர், ஒரு தயாரிப்பாளர்தான். சித்திக்கு நடந்தது அதுதான்.

மூன்று, அறிமுகம். முகம் தெரிந்தவருக்கு அடுத்த மேடை கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இந்த அறிமுகம் சீக்கிரம் மங்கிவிடும். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

போட்டி கொடுக்காத ஒன்று, திறமை. அதை வரும்போதே கொண்டு வரணும்.

நீங்கள் ஆடிஷனுக்குப் போகிறீர்களா?

தாராளமாகப் போங்க. போவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், அந்தக் காலத்தில் வேறு மேடையில் பாட முடியுமா, உங்கள் சொந்தப் பாடலின் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

மலேசியச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர்தான் வயது வந்தவர். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் கூடவே இருக்கட்டும், கையெழுத்தும் பேச்சும் அவர்கள் மூலமாகவே நடக்கட்டும்.

ஆடிஷனுக்கோ ‘வாய்ப்பு’ வாங்கித் தரவோ முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். மக்கள் ஓட்டு உள்ள போட்டி என்றால், சொந்தக்காரர்கள் ஓட்டுக்காக எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கும் முதலிலேயே ஓர் எல்லை வையுங்கள். ஜெயிக்க வைக்கிறோம் என்று அப்பா அம்மா கடன் வாங்குகிற நிலைமை வரக்கூடாது.

ஒரு மணி நேரம் படம் பிடித்ததில் பத்து நொடிதான் ஒளிபரப்பாகலாம். அந்தப் பத்து நொடி நீங்கள் அழுததாகவும் இருக்கலாம், அது இணையத்தில் தங்கிவிடும். அதைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் எழுதும் ஆண்டு என்றால் தேதிகளைப் பாருங்கள். இரண்டு போட்டிகளுக்குப் பிறகு மருத்துவம் படிக்கப் போன சாய் பல்லவியை சினிமா மறந்துவிடவில்லை.

தோற்று வந்தால்? அரிஜித்துக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த எட்டு ஆண்டும் அவர் பாட்டை விடவில்லை. அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கல்யாண மண்டபத்தில், கோயில் திருவிழாவில், பள்ளி விழாவில் யாராவது உங்களைப் பாடக் கூப்பிட்டால் போங்க. ஜாக்லின் 25 வயது வரைக்கும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தார்.