தேவாலாவின் பழங்குழிகள்: பிரஃப் ஸ்மித் அறிக்கை பற்றிய ஒரு மறுபரிசீலனை

1879-க்கும் 1882-க்கும் இடையே தென்கிழக்கு வயநாட்டில் எழுந்து அடங்கிய பொன் மோகத்தை லண்டன் பங்குத் தரகர்களின் வஞ்சகம் என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிடுவது ஆய்வாளர் சிலரிடையே நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட வழக்கம். நாற்பதளவான கம்பெனிகள் நாற்பது இலட்சம் பவுனுக்கும் மேற்பட்ட மூலதனத்தைக் காகிதத்தில் காட்டின என்பதும், அதில் கணிசமான பகுதி நிலத்தின் விலைக்கே போயிற்று என்பதும் மெய்தான். ஆனால் வஞ்சகன் சொல்லை நம்புவதற்கும் ஒரு பிரமாணம் வேண்டும்; அந்தப் பிரமாணம் வயநாட்டுப் பொன் பற்றி 1880-இல் வெளிவந்த பிரஃப் ஸ்மித்தின் அறிக்கை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்து 1876-இல் பதவி துறந்தவர் அவர். அப்பதவி விலகலை வைத்து அவருடைய நேர்மையைச் சந்தேகிப்போர் உண்டு. அச்சந்தேகம் இங்கே பயன்படாது. ஆராயத்தக்கது அவருடைய அனுமானமே. வயநாட்டின் தேவாலா, பந்தலூர் மலைச்சரிவுகளில் எங்கு நோக்கினும் தென்பட்ட பழங்குழிகளை, அடியில் உள்ள செல்வத்துக்குச் சாட்சியமாக அவர் ஏற்றுக்கொண்டார் என்றே அறிக்கையை நான் வாசிக்கிறேன். அதே குழிகள், எளிதில் எடுக்கத்தக்க பொன் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கும் சாட்சியமாகலாம் அல்லவா? இரும்புக் கருவியும் மரவையும் கொண்டு உழைத்த குறும்பர் என்னும் பழங்குடியினர், மழையும் வெயிலும் சிதைத்த மேற்பாறையையே நாடினர். அங்கே கந்தக இரும்புக் கல் உளுத்துக் கரைந்துபோக, பொன் தனித்து நின்றதால் கழுவியெடுப்பது கைகூடிற்று. நீர்மட்டத்துக்குக் கீழே அதே பொன் அக்கல்லோடு பிணைந்து கிடந்தமையால், பின்னர் வந்த இடிப்பு யந்திரங்களுக்கும் பாதரசத்துக்கும் அது முழுவதும் அகப்பட்டிராது. விக்டோரியாவிலோ வெள்ளையர் வருமுன் பொன்னுக்காக எவரும் நிலத்தைத் தோண்டியதில்லை; மேற்படலம் கைபடாமல் இருந்த நாட்டில் பழகிய கண், மேற்படலம் காலியாகிவிட்ட நாட்டைத் தவறாகக் கண்டது என்பதே என் துணிபு. கம்பெனிகளின் கணக்கேடுகள் யாவும் கிடைக்காதவரை இதை முடிந்த முடிபாகச் சொல்லுதல் தகாது எனினும், 1901-இல் வெளியான ஹேடன், ஹாட்ச் இருவருடைய புவியியல் ஆய்வும் வயநாட்டின் குவார்ட்ஸ் இழைகளைப் பற்றி நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை.

கோலாரிலும் பழங்குழிகள் இருந்தனவே, அங்கே அவற்றின் அடியில் பொன் கிடைத்ததே என்பர். கோலாரின் முன்னோர் ஓர் இழையைப் பற்றிக்கொண்டு ஆழ இறங்கியவர்கள். வயநாட்டுக் குழிகளோ சிதறியவை, பெரும்பாலும் ஆழமற்றவை. ஒப்புமை பெயரளவினதே.

பொன் தேடி வந்தவர்கள் கலைந்த பின் இப்பகுதியில் தேயிலை பரவிற்று. சுரங்க யந்திரங்களின் துருப்பிடித்த எச்சங்களைப் படம்பிடிக்க வருவோர் பலர். குழிகளை அளக்க வருவோர் அரியர். ஒவ்வொரு குழியும் எந்த ஆழத்தில் நின்றது, அவ்வாழம் கோடைகால நீர்மட்டத்தோடு ஒத்திருக்கிறதா என்று அளந்தால் என் வாதம் நிலைக்கும் அல்லது வீழும். மண்சரிவு மூடுமுன் புவியியலாரும் தொல்லியலாரும் கூடி அவ்வேலையை மேற்கொள்ள வேண்டும்.