உங்களுக்கு மட்டும்தான் சார் இப்படி வருது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டு நகர்ந்தாலும் வருத்தமில்லை.

என் லேப்டாப் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்துவிட்டது. எங்கள் ஒன்றியத்துப் பழைய பள்ளிகளைப் பற்றி நான் குறிப்பு எழுதி வருவது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தட்டினால் போதும், திரை நீலமாகி, தானே அணைந்து, தானே எழுந்து நிற்கும். தட்டியதில் பாதி போயிருக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் புதுக் குரல். பெயர், மாடல், சீரியல் நம்பர் என்று அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். அதையும் செய்தாயிற்று. சென்டரில் கொடுத்தால், "எங்ககிட்ட நல்லா ஓடுது சார்" என்று திருப்பித் தருவார்கள். ஓடத்தான் செய்யும். ஆறிப்போன மெஷினைப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் ஏன் ஓடாது?

போன வாரம் பேசிய பிள்ளை ரொம்ப மரியாதையாகவே சொன்னான்: "இந்த மாடல்ல வேற யாருமே கம்ப்ளெயிண்ட் பண்ணல சார். உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது."

அந்த வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவனுக்கு இது பழகிய வசனம். கட்டடம் ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டால், "உங்க ஸ்கூல்லதான் ஒழுகுது" என்று பதில் வரும். மற்ற பள்ளிக்கூடத்துக்காரருக்கும் அதே பதில்தான் போயிருக்கும். சரி, கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த வசனத்துக்கு எவ்வளவு வயது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை.

முதலாவது 1994. வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரி என்று ஒன்று. அங்கே தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 11, 13 என்றும் 17, 19 என்றும் இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வருமே, அவைதான். அவற்றின் தலைகீழ்களையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும் வேலையைச் சில கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். அந்த வருடம் மார்ச்சில் புதிதாக ஒரு பென்டியம் மெஷினையும் சேர்த்தார். ஜூனில் விடை இடித்தது.

மனிதர் உடனே கம்பெனியைத் திட்டப் போகவில்லை. முதலில் தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். பிறகு அதை மொழிமாற்றும் மென்பொருளை, பிறகு போர்டை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் பிழை பென்டியம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அக்டோபர் 24 அன்று இன்டெல் கம்பெனியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவைத் தொடர்பு கொண்டார். உருப்படியான பதில் வரவில்லை. ஆறு நாள் பார்த்தார். 30ஆம் தேதி, தனக்குத் தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உங்களிடம் பென்டியம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அந்த அஞ்சல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அங்கங்கே ஆட்கள் தங்கள் மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தப்பாக வந்தது. பிறகு பிரபலமான ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 4195835ஐ 3145727ஆல் வகுக்க வேண்டும். விடை 1.33382 என்று ஆரம்பிக்க வேண்டும். பென்டியத்தில் 1.33373 என்று வந்தது. வந்த ஈவை அதே எண்ணால் பெருக்கி முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூச்சியம் வர வேண்டுமே, 256 வந்தது. சரிபார்க்கச் சொல்லி நாம் பிள்ளைகளைப் படுத்துவோமே, அதே முறைதான். சிப்புக்குள் வகுத்தலுக்காக ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அதில் ஐந்து இடங்களில் மதிப்பு விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் வியாதி.

இதில் எனக்கு உறைத்த விஷயம், நைஸ்லி போன் செய்வதற்குச் சில மாதங்கள் முன்பே இன்டெல் இந்தப் பிழையைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது என்பதுதான். வெளியே சொல்லவில்லை. விஷயம் நாறிய பிறகும், சாதாரண ஆளுக்கு இது 27,000 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றது. சிப்பை மாற்ற வேண்டுமானால் உங்களுக்கு அது அவசியம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்றது. டிசம்பர் 12 அன்று ஐ.பி.எம். கம்பெனி, அதிகம் கணக்குப் போடுகிறவருக்கு 24 நாளுக்கு ஒரு முறையே வரலாம் என்று சொல்லி, பென்டியம் வைத்த மெஷின்களை அனுப்புவதை நிறுத்தியது. 27,000 வருடம் எங்கே, 24 நாள் எங்கே! டிசம்பர் 20 அன்று, கேட்கிற எல்லாருக்கும் கேள்வி இல்லாமல் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது மேசைக் கம்ப்யூட்டர் விவகாரம். டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ் என்ற வரிசை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற சுமார் 1.18 கோடி மெஷின்களில் பழுதான கெபாசிட்டர் இருக்கும் அபாயம் இருந்தது. டி.வி. மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்கள், தலை உப்பி, ஓரத்தில் கசிந்து நிற்கும் சின்ன டப்பா. அதேதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் இந்த மெஷின்கள் வரிசையாகப் படுத்தன. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி நீங்கள் மெஷினை வதைத்துவிட்டீர்கள் என்பது. கணிதத் துறையிடம்! இதை 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. வட கரோலினாவைச் சேர்ந்த ஓர் இணைய நிறுவனம் 2007இல் போட்ட வழக்கில், கம்பெனியின் உள் கடிதங்கள் வெளியே வந்தன. வாடிக்கையாளரிடம் நாமாக இதைப் பேச்செடுக்க வேண்டாம் என்ற அறிவுரை அவற்றில் இருந்தது. 2005இலேயே இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, போன் எடுக்கிறவர் வாயிலிருந்து வரக் கூடாது.

மூன்றாவதுதான் நம் லேப்டாப் கதை.

2006, 2007இல் வந்த லேப்டாப்களில் படம் காட்டும் சிப் சூடாக ஓடியது. என்விடியா என்ற கம்பெனி செய்து எச்.பி., டெல், ஆப்பிள் என்று பலருக்கும் விற்ற சிப். இந்தச் சிப்பின் அடியில் மணல் பரல் போல நுண்ணிய ஈயப் பற்றுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சிப்பையும் அதன் கீழ்த் தகட்டையும் இணைப்பவை அவைதான். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரும்பு சுட்டால் விரியும், ஆறினால் இறுகும். சிப் ஒரு அளவுக்கு விரியும், தகடு வேறு அளவுக்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட ஈயப் பற்று தினமும் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவதற்காக இடையில் ஒரு பசை நிரப்பியிருப்பார்கள். சூட்டில் அந்தப் பசை இளகிப்போனால் மொத்தச் சுமையும் பற்றின் மேல் விழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அப்படி ஒரு நாள் விரிசல் விடும்.

விரிசல் விட்டதும் மெஷின் உடனே சாகாது என்பதுதான் இதில் கொடுமை. ஆறியிருக்கும்போது விரிசல் ஒட்டிக்கொண்டு எல்லாம் ஓடும். சூடேறினால் திரையில் கோடு விழும், நின்றுபோகும். சில எச்.பி. மாடல்களில் முதல் அறிகுறியே வைஃபை காணாமல் போவது. வைஃபை இல்லை என்று போன் செய்தவரிடம் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வதுதானே வழக்கம்! சிலர் போர்டைக் கழற்றிக் கேக் சுடும் ஓவனில் வைத்துச் சூடு காட்டி உயிர்ப்பித்தார்கள். சில வாரமோ சில மாதமோ ஓடும், மறுபடி படுக்கும்.

தேதிகளைக் கவனியுங்கள். 2007 நவம்பரில் எச்.பி. சில பெவிலியன், காம்பாக் பிரசாரியோ மாடல்களுக்கு மட்டும் வாரண்டியை இரண்டு வருடமாக நீட்டியது. அதாவது ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. 2008 ஜூலை 2 அன்று என்விடியா, பங்குதாரர்களுக்கான அறிவிப்பில், சிப்பின் பொதியில் பயன்படுத்திய பொருள் பலவீனமானது என்றும், 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. பணம் போட்டவருக்குச் சட்டப்படி சொல்லியாக வேண்டும். மெஷின் வாங்கியவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அவர் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கோடையில் டெல் ஒரு பயாஸ் அப்டேட் கொடுத்தது. மின்விசிறியைக் கூடுதல் நேரம் ஓட வைக்கும், சூடு ஏறி இறங்குவதைக் குறைக்கும். பழுது வரும் வாய்ப்பைக் குறைக்குமே தவிர பழுதைச் சரிசெய்யாது. விரிசல் விட்ட தூணுக்கு வெள்ளையடிப்பது என்று இதைச் சொன்னால் தப்பா? பிறகு விமர்சனம் எழுந்து வாரண்டியை ஒரு வருடம் நீட்டினார்கள்.

ஆப்பிள் கதை இன்னும் சுவை. உங்கள் மெஷின்களுக்குப் பாதிப்பு இல்லை என்று என்விடியா ஆப்பிளுக்கே உறுதி சொல்லியிருந்தது. ஆப்பிள் நம்பிச் சும்மா இருக்கவில்லை, தானே சோதித்துப் பார்த்தது. 2008 அக்டோபரில், சில மேக்புக் ப்ரோ மெஷின்கள் பாதிக்கப்படலாம் என்று அறிவித்து, வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தந்தது. ஆக "உங்களுக்கு அது இல்லை" என்ற பதில் என்னைப் போன்ற ஆளுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் அதே பதில்தான் போயிருக்கிறது. அவர்களிடம் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் இருந்தது, நம்மிடம் இல்லை.

வாங்கியவர்கள் சேர்ந்து கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2010 கடைசியில் சமரசம் முடிவானது. டெல், ஆப்பிள்காரர்களுக்குப் பழுது நீக்கம். எச்.பி. லேப்டாப்காரர்களுக்குப் பதில் மெஷின், காம்பாக் சி.க்யூ.56 என்ற மலிவு மாடல். பெரிய திரை, உயர்ந்த சிப் என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்து ஆட்சேபித்தார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே மாடல்கள் நம் ஊரிலும் விற்றவைதான்.

இன்னொன்றும் படித்தேன், என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது அதுதான். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள், சுமார் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தானாக அனுப்பிய தகவல்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு முறை நின்றுபோன மெஷின், இன்னொரு முறை நிற்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு முறை நின்றால் தற்செயல் என்று விடலாம். நான்கு முறை நின்றதற்கு விண்டோஸை அழித்துப் போடு என்கிறார்களே!

போன் எடுத்த பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் திரையில் என்ன வருகிறதோ அதைப் படிக்கிறான். எத்தனை பேர் இதே புகாரோடு கூப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்று மட்டும்தான், என் மெஷின்.

வாரண்டி முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நைஸ்லி செய்ததையே நானும் செய்து பார்க்கலாம் என்று, ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு, தீபாவளித் தள்ளுபடியில் இதையே வாங்கியவர்கள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவருக்குப் பிரச்சினை இல்லை, பேரன் எப்போதாவது படம் பார்ப்பதோடு சரி. இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, நீலக் கலர்ல ஒண்ணு வந்து அணைஞ்சு போகுமே, அதுதானே? நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

அவரிடம் இரண்டு ஜாப் ஷீட் இருக்கிறதாம். என்னிடம் நான்கு. நாளை காலை அவற்றை ஜெராக்ஸ் எடுக்கப் போகிறோம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இதே மாதிரி சூடேறியதும் நீலத்திரை வந்து நின்றுபோகிறதென்றால், மாடல் பெயரையும் வாங்கிய மாதத்தையும் உள்பெட்டியில் அனுப்புங்கள்.