ஒரு ஆள் ஃபில்டர்

இந்தப் பித்தளை ஃபில்டர் ஒரு சாண் உயரம்கூட இல்லை. மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், பொடியை அமுக்கும் குடை, மூடி. நான்கையும் ஒன்றாகப் பொருத்தினால் உள்ளங்கையில் நிற்கும். ஒரு டம்ளர் காப்பிக்கு வேண்டிய டிகாக்ஷனுக்கு மேல் இதிலிருந்து ஒரு சொட்டு இறங்காது. பாத்திரக்கடையில் இதை 'ஒரு ஆள் ஃபில்டர்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் அப்பாயி இதை வாங்கியது 1963இல். என் அப்பாவுக்குத் திருவொற்றியூரில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. "கண்ட கடையில குடிச்சு வயித்தக் கெடுத்துக்காதடா" என்று சொல்லி, டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே சொருகிக் கொடுத்தாராம். எழும்பூரில் இறங்கி, பஸ் ஏறி, காலடிப்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டு அறைக்கு அது வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த வடிவத்துக்கு அப்போதே வயது நூற்றைம்பதுக்கு மேல். 1800 வாக்கில் பாரிஸில், டி பெல்வா என்ற பேராயரின் பெயரால் வழங்கிய இரட்டை அடுக்குக் காப்பிப் பாத்திரம் ஒன்று உண்டு. மேலே பொடி, நடுவே சல்லடை, கீழே இறங்கிச் சேரும் சாறு. நம் ஃபில்டருக்கு அது மூத்த உறவு என்று பார்த்தவுடனே தெரியும். நம் பொடியில் கலக்கும் சிக்கரிக்கும் அங்கே ஓர் உறவு உண்டு. நெப்போலியன் காலத்து முற்றுகையில் காப்பிக்கொட்டை கிடைக்காத ஐரோப்பா சிக்கரிக் கிழங்கை வறுத்துக் குடிக்கப் பழகியது. அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய நியூ ஆர்லியன்ஸில் இன்றும் சிக்கரி கலந்து, சூடான பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் அங்கே போனால் அந்த டம்ளரை அந்நியமாக நினைக்க மாட்டார்.

காப்பிச் செடியே நமக்கு வந்தேறிதான். 17ஆம் நூற்றாண்டில் பாபா புடான் ஏமனிலிருந்து ஏழு விதைகளை இடுப்பில் மறைத்துச் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். தமிழ் வீடுகளில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்துக்கு, டீ உழைப்பாளிக்கு என்று பிரிந்துபோனதும் அந்தக் கதையில் உண்டு. வட சென்னை டீயின் நாடு. துறைமுகத்திலும் காசிமேட்டிலும் கிளாஸ் டீதான் ஆளை எழுப்பும். அங்கே ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிற ஒரு தொழிலாளி தனக்கென்று ஃபில்டர் வைத்திருந்தது எனக்கு இப்போதும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் சீரோடு ஆறு பேர் ஃபில்டர் வந்தது. ஆனாலும் சின்னது ஓய்வு பெறவில்லை. விடியற்காலை நாலரைக்கு, சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே, அப்பா எழுந்துவிடுவார். பம்பு ஸ்டவ் சத்தம் போட்டு எங்களை எழுப்பிவிடும் என்பதால் திரி ஸ்டவ். வெறும் ஃபில்டரை முதலில் வெந்நீரில் நனைத்துச் சூடாக்குவார். இரண்டு ஸ்பூன் பொடி, குடையை மெதுவாக ஒரு அமுக்கு, பிறகு கொதிநீர். பல் தேய்த்துவிட்டு வந்து கீழ்ப் பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பார்ப்பார். அடி வரை சூடு வந்திருந்தால் டிகாக்ஷன் இறங்குகிறது என்று அர்த்தம்.

பெரிய ஃபில்டரில் ஒருவருக்குப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அகலமான தட்டில் இரண்டு ஸ்பூன் பொடி மெல்லிய படலமாகப் பரவும். தண்ணீர் அதில் தங்காமல் ஓடிவிடும், சாறு வெளுத்துப்போகும். குறுகலான பாத்திரத்தில் அதே பொடி உயரமாக நிற்கும். அதைக் கடந்துவரத் தண்ணீருக்கு இருபது நிமிஷம் வேண்டும். ஈரத்தில் உப்பிக்கொள்ளும் சிக்கரி அந்த ஓட்டத்தை இன்னும் தாமதப்படுத்தும். எண்பதுக்கு இருபது என்ற கலவைதான் அப்பாவின் கணக்கு. சட்டம் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அந்த எல்லையை ஒட்டி வருகிற பொடியில் நிறம் இருக்கும், மணம் இருக்காது.

தண்ணீர்தான் எங்கள் பக்கத்துச் சோதனை. அடிபம்புத் தண்ணீரில் போட்டால் காப்பி கரிக்கும். லாரித் தண்ணீர் வருகிற நாளில் அப்பா குடிநீருக்கு முன்னால் ஒரு செம்பு காப்பிக்கென்று எடுத்து மூடிவைப்பார். 2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதைப் பார்க்க அப்பா இல்லை.

அவர் போன பிறகு ஃபில்டர் பரணில் கிடந்தது. கடற்காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, துளைகள் அடைந்து, உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோயிருந்தது. இடையில் உலகம் ஒரு ஆள் காப்பிக்கு வேறு வழிகள் கண்டுபிடித்தது. சுவிட்சர்லாந்தில் எரிக் ஃபாவ்ர் 1976இல் காப்புரிமை வாங்கிய குப்பி முறை 1986இல் நெஸ்பிரெஸோவாகக் கடைக்கு வந்தது. எங்கள் தெருப் பெட்டிக்கடையில் இன்ஸ்டன்ட் காப்பி பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. அவசரத்துக்கு நானும் குடித்திருக்கிறேன். காத்திருக்கிற இருபது நிமிஷத்தில் வீடு முழுக்க ஏறுகிற வாசனை எந்தப் பாக்கெட்டிலும் வராது.

சென்ற ஆண்டு அதை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடைந்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஈயம் பூசுகிறவரைத் தேடி அலைந்து பழைய வண்ணாரப்பேட்டையில் கண்டுபிடித்தேன். நவச்சாரப் புகைக்கு நடுவே, பஞ்சை வைத்து அவர் ஒரு சுழற்றுச் சுழற்றியதும் உள்பக்கம் வெள்ளியாக மின்னியது.

இப்போது அது என் மகளோடு பெங்களூரு போகிறது, புது வேலைக்கு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடிய பாதை 1864இல் பெங்களூர் வரை நீண்டது. அங்கிருந்து சிக்கமகளூர் மலை ஒரு பகல் பயணம்கூட இல்லை. கீழ்ப் பாத்திரத்துக்குள் ஒரு பொட்டலம் பொடி வைத்து, துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.

"எவ்ளோ தண்ணிப்பா ஊத்தணும்?"

"கழுத்து வரைக்கும். ஊத்திட்டுத் தொறந்து தொறந்து பாக்காத. அடியத் தொட்டுப் பாரு, தெரியும்."