வீட்டிலேயே இயற்கை க்ரீம், டூத்பேஸ்ட் தயாரித்து விற்கலாமா? முதலில் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கற்றாழை ஜெல், வேப்பிலை ஃபேஸ்பேக், கிராம்பு டூத்பேஸ்ட்... வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாலே யாராவது ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். ஒரு மிக்ஸி இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இதில் பலரும் கோட்டைவிடுவது தண்ணீர் விஷயத்தில்தான்.

தண்ணீரில் என்ன பிரச்னை?

குளியல் பொடி, கூந்தல் எண்ணெயை ஈரம் படாமல் வைச்சா மாதக்கணக்கில் இருக்கும். ஜெல், க்ரீம், பேஸ்ட் அப்படியில்லை. தண்ணீர் இருந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வாசனை மாறுவதற்கு முன்பே கிருமிகள் பெருகியிருக்கலாம்.

'அதான் வைட்டமின் ஈ கேப்சூல் போட்டாச்சே' என்பார்கள். அது எண்ணெயில் சிக்குவாடை வராமல் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. சரி, சோடியம் பென்சோயேட்? அமிலத்தன்மை இருந்தால்தான் அது வேலை செய்யும். டூத்பேஸ்ட்டில் பல்லைத் தேய்ப்பதற்காகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டோ காரத்தன்மை கொண்டது. அந்த பேஸ்ட்டில் இதைப் போட்டும் பெரிய பயனில்லை.

டூத்பேஸ்ட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கரகரப்பான கரித்தூளும் எலுமிச்சைச் சாறும் பல் எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் பல்லைச் சுத்தம் செய்யும். ஆனால் சொத்தைக்கு எதிராக ஃப்ளோரைடு தரும் பாதுகாப்பு கிடைக்காது.

லைசென்ஸ் வேண்டுமா?

சொந்த உபயோகத்துக்கு வேண்டாம். விற்பனைக்கு என்றால் கட்டாயம். 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகள்தான் இப்போது நடைமுறையில் உள்ளன. டூத்பேஸ்ட்டும் இதில் அடக்கம். தமிழ்நாட்டில் உரிமம் தருவது மருந்து கட்டுப்பாட்டுத் துறை.

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. தயாரிக்கும் இடம் குடியிருக்கும் வீடாகவோ, வீட்டோடு இணைந்ததாகவோ இருக்கக் கூடாது. அதாவது சமையலறையில் செய்து விற்க முடியாது! தயாரிப்பைக் கண்காணிக்க, பார்மசி டிப்ளமோ முடித்தவர் அல்லது குறைந்தபட்சம் பிளஸ் டூ அளவில் வேதியியல் படித்தவர் தேவை. லேபிளில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானங்கள், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

'ஈறு நோய் தீரும்' என்று விளம்பரம் செய்தால் கதையே வேறு. அது மருந்துக் கணக்கில் போய்விடும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அதற்குத் தனி உரிமம்.

சொந்த இடம் இல்லாதவர்கள் 'லோன் லைசென்ஸ்' பெறலாம். ஏற்கெனவே உரிமம் உள்ள தொழிற்சாலையில் உங்கள் பொருளைத் தயாரித்து, உங்கள் பிராண்ட் பெயரில் விற்கும் முறை இது.