செல்ஃப் வந்த கதையும் 'டக் டக்' சத்தமும்



காலையில் அவசரமாகப் புறப்படும் நேரம் பார்த்துத்தான் காரோ டிராக்டரோ மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் சுற்றாது. உடனே "செல்ஃப் போச்சு, கழற்று" என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் செல்ஃப் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்பதும் விளங்கும். வீண் செலவும் குறையும்.

ஆதியில் மோட்டார் வண்டியை முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹாண்டில் கையை அடித்துவிடும். மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். அதனால்தான் ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் போடாமல், மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கணும் என்று பழைய டிரைவர்கள் பழக்கினார்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் அமெரிக்காவில் டேட்டன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் போடும் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் வைத்தவர் அவர். எஞ்சினைச் சுற்ற வேண்டுமானால் மோட்டார் ரொம்பப் பெரிதாக இருக்கணும் என்று பலரும் நினைத்தார்கள். கெட்டரிங்கின் யோசனை வேறு. நாள் முழுவதும் ஓடுகிற மோட்டாரா இது? சில விநாடிதானே! சின்ன மோட்டாருக்கு அந்தச் சில விநாடி மட்டும் நிறைய மின்சாரம் கொடுத்தால் போதும் என்றார். 1911-இல் செய்து காட்டினார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது.

அவ்வளவு மின்சாரத்தையும் நொடியில் கொடுப்பது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பேட்டரி. அதை 1859-இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாந்தே. நம் காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நம் நாட்டில், 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார்கள் செய்து வருகிறது.

ஆக, சில விநாடிக்கு நிறைய மின்சாரம் என்பதுதான் செல்ஃபின் அடிப்படை. "லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பீர்கள். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேணும். டிராக்டருக்கு இன்னும் அதிகம். மதகில் குப்பை அடைத்திருந்தாலும் கசிகிற தண்ணீர் கத்தரிப் பாத்திக்குப் போதும். ஒரு வேலி நிலத்துக்குப் பாயுமா? அதே கதைதான்.

'டக்' என்று கேட்பது சொலினாய்டு என்கிற சுவிட்சின் சத்தம். அது உள்ளே இழுத்து, பேட்டரியையும் மோட்டாரையும் இணைக்கிறது. 'டக் டக் டக்' என்று அடுக்கடுக்காகக் கேட்டால், இழுக்கிறது, மின்சாரம் போதாமல் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் இணைப்பு பழுது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மிகவும் மங்கினால் முதலில் பேட்டரியையும் இணைப்பையும் பாருங்கள். மங்காமல் நின்றால் சொலினாய்டோ செல்ஃபோ பழுதாக இருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நெரவி கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் டெர்மினலும் எர்த் வயரும் சீக்கிரம் பூத்துப்போகும். அந்தப் பூப்புதான் மதகில் அடைத்த குப்பை. எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, ஈயம் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக்கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே வாசலின் தடவுங்கள். எர்த் வயர் பாடியில் சேருகிற இடத்தையும் மறக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும்; பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. அமிலம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும்.

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு, முழுச் சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் அடிக்கடி இறங்கினால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கணும்.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சாவிக்குக் கிளம்பாத டிராக்டரை, தரையில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் சொலினாய்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கிளப்புகிற வழக்கம் இருக்கிறது. வண்டி கியரில் இருந்தால் அப்படியே பாயும். பெரிய சக்கரம் பக்கத்தில் நிற்பவர்மேல் ஏறிவிடும். பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மனிதன் எஞ்சினுக்கு முன்னால் நின்று கையை முறித்துக்கொள்ளக் கூடாது என்றுதானே செல்ஃப் வந்தது? குறுக்குவழியில் போய் அதைவிடப் பெரிய ஆபத்தை நாமே தேடிக்கொள்ளலாமா? கியரை நியூட்ரலில் வைத்து, சீட்டில் உட்கார்ந்து, சாவியால் மட்டுமே கிளப்புங்கள். கிளம்பவில்லையா, இறங்கி டெர்மினலைப் பாருங்கள்.